யாருக்கு எந்த டேட்டா தெரியணும்? கம்பெனில ஆக்சஸ் ரிவ்யூ உருப்படியா பண்றது எப்படி

வேலைய விட்டு போனவங்களோட அக்கவுண்ட் பத்தி எல்லாரும் கவலைப்படறாங்க, அது சரிதான், ஆனா நான் இத்தனை வருஷம் ஆக்சஸ் ரிவ்யூ, அதாவது யாருக்கு எந்த டேட்டா திறந்திருக்குன்னு எண்ணிப் பாக்கற வேலை, பண்ணதுல திரும்ப திரும்ப பாத்தது என்னன்னா, பெரிய ஓட்டை உள்ளயே டீம் மாறினவங்ககிட்டதான் இருக்கு. ஒருத்தங்க சப்போர்ட்ல சேருவாங்க, கஸ்டமர் டேட்டா பாக்க பெர்மிஷன் குடுப்போம். ரெண்டு வருஷம் கழிச்சு சேல்ஸுக்கு போவாங்க, விலை ஷீட்டு டிஸ்கவுன்ட் ஷீட்டு எல்லாம் திறந்து விடுவோம், அப்புறம் ஃபைனான்ஸ்ல ஆள் கம்மின்னு மூணு மாசம் உதவிக்கு போவாங்க, இன்வாய்ஸ் சிஸ்டம்ல எடிட்டும் குடுத்துடுவோம். குடுக்கறதுக்கு டிக்கெட் வரும், ஏன்னா ஆக்சஸ் இல்லன்னா அன்னைக்கே வேலை நின்னுடும். எடுக்கறதுக்கு யார் டிக்கெட் போடுவா? இருக்கறதால யாருக்கும் எதுவும் நிக்கலயே. அந்த ஆள் மேல ஒரு தப்பும் கிடையாது, ஆனா ஒரு போலி மெயில்ல அவங்க பாஸ்வேர்ட் போச்சுன்னா மூணு டிபார்ட்மென்ட் டேட்டாவும் சேர்ந்து போகும்.

ஒருத்தருக்கு அவங்க வேலைக்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவு மட்டும் குடுங்கன்னு 1975லயே ஜெரோம் சால்ட்சரும் மைக்கேல் ஷ்ரோடரும் ஒரு கட்டுரைல எழுதிட்டாங்க. எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்தான். கஷ்டம் எங்கன்னா, குடுத்தத திரும்ப எண்ணிப் பாக்கறதுல. அத எப்படி பண்றதுன்னு நான் பண்ற வரிசையிலயே சொல்றேன்.

முதல்ல ஆளுங்க லிஸ்ட்ல இருந்து ஆரம்பிக்காதீங்க, டேட்டால இருந்து ஆரம்பிங்க. ஆளுங்கள வச்சு ஆரம்பிச்சா ஒருத்தருக்கு நாப்பது அம்பது வரி வரும், அத மேனேஜர்கிட்ட அனுப்பினா அவர் மொத்தமா செலக்ட் பண்ணி ஓகேன்னு அனுப்பிடுவாரு, ரிவ்யூ முடிஞ்சுதுன்னு நாமளும் ஃபைல் பண்ணிடுவோம், உண்மைல ஒண்ணுமே நடந்திருக்காது. அதனால உங்க கம்பெனில வெளிய போனா நிஜமாவே அடி விழற டேட்டா எது எதுன்னு ஆறேழு எழுதுங்க, உதாரணத்துக்கு பேரோல், கஸ்டமரோட சொந்த விவரங்கள், பேங்க் விவரங்கள், சோர்ஸ் கோடு, பேக்கப், ஹெச்ஆர் ஃபைல்கள். ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஓனர் வேணும். ஐடி டீம ஓனரா போடாதீங்க, பேரோல யார் பாக்கலாம்னு முடிவு பண்ண வேண்டியது பேரோல் நடத்தறவங்க, பூட்டும் சாவியும் மட்டும்தான் நம்மகிட்ட.

அடுத்தது இப்ப யாருக்கு என்ன இருக்குன்னு எடுக்கணும். இங்கதான் நேரம் போகும், போகட்டும், அவசரப்பட வேணாம். மனசுல இருக்கற லிஸ்ட்டோ போன வருஷ ஷீட்டோ உதவாது, சிஸ்டத்துல இருந்தே எக்ஸ்போர்ட் எடுங்க. அமேசானோட கிளவுட் சேவையான ஏடபிள்யூஎஸ்ல ஐஏஎம் (யூசரையும் பெர்மிஷனையும் நிர்வகிக்கற பகுதி) கிரெடென்ஷியல் ரிப்போர்ட்னு ஒண்ணு இருக்கு, எல்லா யூசரும், பாஸ்வேர்ட் கடைசியா எப்ப யூஸ் ஆச்சு, ஆக்சஸ் கீ (புரோகிராம்கள் உள்ள நுழையற ரகசிய சாவி) கடைசியா எப்ப யூஸ் ஆச்சு, எம்எஃப்ஏ (பாஸ்வேர்டுக்கு மேல இன்னொரு சரிபார்ப்பு) இருக்கா எல்லாமே ஒரே சிஎஸ்வில வந்துடும். டேட்டாபேஸ் சாஃப்ட்வேர் போஸ்ட்கிரெஸ்னா ரோல் (யூசர், குரூப்) லிஸ்ட்டோட நிறுத்தாம, பப்ளிக்னு இருக்கற ரோலுக்கு யாராவது கிராண்ட் (அனுமதி) குடுத்து வச்சிருக்காங்களான்னும் பாருங்க, அதுக்கு குடுத்தா டேட்டாபேஸ்ல இருக்கற எல்லாருக்கும் குடுத்த மாதிரி. விண்டோஸ் நெட்வொர்க்ல யூசர் கணக்க வச்சிருக்கற ஆக்டிவ் டைரக்டரில கடைசி லாகின் பாக்கறப்ப ஒரு விஷயம் கவனம்: லாஸ்ட் லாகான்ங்கற ஃபீல்டு ஒவ்வொரு டொமைன் கன்ட்ரோலர்லயும் (லாகின சரிபார்க்கற சர்வர்) தனித்தனியா இருக்கும், ஒண்ணுக்கொண்ணு சிங்க் ஆகாது, லாஸ்ட் லாகான் டைம்ஸ்டாம்ப்ங்கறது சிங்க் ஆகும் ஆனா வழக்கமா 9ல இருந்து 14 நாள் வரைக்கும் பின்தங்கி இருக்கும். நேத்து லாகின் பண்ணவங்கள பாத்துட்டு ரெண்டு வாரமா ஆளே இல்லன்னு முடிவு கட்டிடாதீங்க.

டிரைவ்ல இருக்கற ஃபைலுக்கு வேற பிரச்சனை. யார் யார் பேரு போட்டு ஷேர் பண்ணிருக்குன்னு பாக்கறது சுலபம், ஆனா லிங்க் இருக்கற யாரும் பாக்கலாம்னு விட்டிருந்தா அந்த லிஸ்ட்ல பேரே வராது. அத தனியா தேடி எடுக்கணும், முக்கியமான ஃபோல்டர்ல அப்படி ஒண்ணு இருந்தா ரிவ்யூ வரைக்கும் காத்திருக்காதீங்க, ஓனர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு அன்னைக்கே மூடுங்க.

குரூப்புக்குள்ள குரூப் இருக்கறத பத்தி கொஞ்சம் விரிவா சொல்லணும், ஏன்னா நான் பாத்ததுலயே என்னை ரொம்ப உலுக்கினது அதுதான். முன்னாடி நான் வேலை பாத்த ஒரு இடத்துல பேரோல் ஃபோல்டர செக் பண்ணேன், பெர்மிஷன் பக்கத்துல ரெண்டே ரெண்டு குரூப்தான் இருந்துது, ஃபைனான்ஸ் எடிட், ஃபைனான்ஸ் ரீட். பாக்க சுத்தமா இருந்துது. மனசு கேக்காம ரீட் குரூப்ப திறந்து உள்ள பாத்தா அஞ்சு பேரு, ஆறாவதா ஒரு குரூப், அது மொத்த ஊழியர்களும் இருக்கற குரூப்! யாரோ எப்பவோ செலவு கணக்கு ஃபார்ம் எல்லாருக்கும் தெரியணும்னு, ஃபைனான்ஸ் ஃபோல்டர்ல இருந்த அந்த ஒரு ஃபைலுக்காக, மொத்த குரூப்பையும் ரீட் குரூப்புக்குள்ள போட்டுட்டாங்க. அதே ரீட் குரூப் பேரோல் ஃபோல்டர்லயும் இருந்துது. ஒரு வருஷத்துக்கு மேல எல்லார் சம்பளமும் எல்லாரும் பாக்கற மாதிரி இருந்திருக்கு. அன்னைக்கு ராத்திரி எனக்கு தூக்கமே வரல, யாராவது பாத்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு ஓடிக்கிட்டே இருந்துது. அதுல இருந்து குரூப் பேர நான் நம்பறதே இல்ல, கடைசி ஆள் பேர் வர்ற வரைக்கும் உள்ள உள்ள பிரிச்சு எழுதிடுவேன்.

எடுத்தத ஒரு ஷீட்ல போடுங்க. ஷீட்டோட தலைப்புகள் இவ்வளவு போதும்: ஆளு, இப்ப எந்த டீம், எந்த டேட்டா, பாக்க மட்டுமா எடிட்டா எக்ஸ்போர்ட்டா, எந்த குரூப் வழியா வந்துது, கடைசியா எப்ப யூஸ் பண்ணாங்க, முடிவு, காரணம். எக்ஸ்போர்ட்ட தனியா எழுதறது முக்கியம், ஒரு கஸ்டமர் விவரத்த ஸ்கிரீன்ல பாக்கறதும் மொத்தத்தையும் ஒரே ஃபைலா இறக்கிக்கறதும் ஒண்ணு கிடையாது.

இப்போ ஹெச்ஆர்கிட்ட இருந்து இன்னைய தேதிக்கு வேலைல இருக்கறவங்க லிஸ்ட் வாங்குங்க, டீம் பேரோட. அத ஷீட்டோட ஒப்பிட்டா மூணு வகை தானா பிரிஞ்சு வரும். ஹெச்ஆர் லிஸ்ட்ல இல்லாதவங்க, டீம் மாறினவங்க, அப்புறம் ஆளே இல்லாத அக்கவுண்ட்.

இல்லாதவங்கள பத்தி யோசிக்கவே வேணாம், உடனே நிறுத்துங்க. 2021ல அமெரிக்காவோட கொலோனியல் பைப்லைன் கம்பெனிக்குள்ள புகுந்தவங்க வந்த வழி, யாரும் யூஸ் பண்ணாம மூடாம விட்ட ஒரு பழைய விபிஎன் (வெளிய இருந்து கம்பெனி நெட்வொர்க்குக்குள்ள வர்ற வழி) அக்கவுண்ட், அதுல எம்எஃப்ஏவும் இல்ல. எரிபொருள் குழாயவே நிறுத்த வேண்டியதா போச்சு, சுமார் 44 லட்சம் டாலர் பணயத்தொகையும் கட்டினாங்க. அதே வருஷம் டிசம்பர்ல கேஷ் ஆப்ங்கற பணம் அனுப்பற ஆப் கம்பெனில வேலைய விட்டு போன ஒருத்தர் அதுக்கப்புறமும் ரிப்போர்ட் டவுன்லோட் பண்ணாரு, வேலைல இருந்தப்ப அவருக்கு முறையா இருந்த ஆக்சஸ்தான், சுமார் 82 லட்சம் கஸ்டமருக்கு தகவல் சொல்ல வேண்டி வந்துது.

நிறுத்துங்கன்னு சொன்னேன், அழிங்கன்னு சொல்லல. முதல்ல டிசேபிள் பண்ணுங்க. அழிச்சுட்டா அந்த ஆள் பேர்ல இருக்கற ஃபைலும் போகும், ராத்திரி அந்த அக்கவுண்ட் வழியா தானா ஓடிட்டிருந்த ஜாபும் (கம்ப்யூட்டர் வேலையும்) நிக்கும். கூகுள் வொர்க்ஸ்பேஸ்ல அழிச்ச யூசர 20 நாளுக்குள்ள மீட்கலாம், மைக்ரோசாஃப்ட் 365ல 30 நாள், அதுக்கு மேல போனது போனதுதான். ஃபைல் ஓனர்ஷிப்ப வேற ஆளுக்கு மாத்தி முடிச்சதுக்கு அப்புறம் அழிச்சுக்கலாம். இன்னொண்ணு, டிசேபிள் பண்ணா உடனே வெளிய தள்ளிடும்னு நினைச்சுடாதீங்க, ஏற்கனவே வாங்கின டோக்கன் (லாகின் பண்ணதும் கிடைக்கற தற்காலிக அனுமதி சீட்டு) இன்னும் கொஞ்ச நேரம் ஓடும், மைக்ரோசாஃப்டோட லாகின் நிர்வாக சேவையான என்ட்ரால வழக்கமா ஒரு மணி நேரத்துல இருந்து ஒன்றரை மணி நேரம், அதனால செஷன ரிவோக் பண்றதையும் (திறந்திருக்கற லாகின ரத்து பண்றதையும்) சேர்த்தே பண்ணுங்க. அவங்க பேர்ல உருவாக்கின ஏபிஐ கீ (புரோகிராம்கள் சிஸ்டத்தோட பேசற ரகசிய சாவி) இருக்கான்னும் பாருங்க, அக்கவுண்ட மூடியும் கீ தனியா உயிரோட இருக்கற சிஸ்டம் நிறைய இருக்கு.

டீம் மாறினவங்க விஷயத்துல மேனேஜர்கிட்ட பேசணும், இங்க கேக்கற விதத்துலதான் எல்லாம் இருக்கு. நான் முன்னாடி இப்படி கேப்பேன்: "சார், இவங்களுக்கு இன்னும் கஸ்டமர் எக்ஸ்போர்ட் வேணுமா?" பதில் எப்பவும் ஒரே மாதிரிதான், "இருக்கட்டும்ங்க, எதுக்காவது தேவைப்படும்." அப்புறம் கேள்விய மாத்தினேன். "சார், கடைசியா ஏழு மாசம் முன்னாடி யூஸ் பண்ணிருக்காங்க. இத இன்னைக்கு எடுத்தா இந்த வாரம் எந்த வேலை நிக்கும்?" அவர் கொஞ்ச நேரம் யோசிச்சாரு. "ஒண்ணும் நிக்காது... ஆனா திரும்ப வேணும்னா உங்ககிட்ட வாங்கறதுக்குள்ள ஒரு வாரம் ஆயிடுமே?" அப்பதான் எனக்கு புரிஞ்சுது, அவர் விட்டுக் குடுக்காம பிடிச்சு வச்சிருந்ததுக்கு காரணம் எங்க டிக்கெட் க்யூ. திரும்ப வாங்கறது கஷ்டம்னு தெரிஞ்சா யாரும் விட மாட்டாங்க, நியாயம்தானே. அடுத்த மாசமே, ரிவ்யூல எடுத்த ஆக்சஸ் திரும்ப வேணும்னா ஓனர் சரின்னு சொன்ன ஒரு மணி நேரத்துல குடுத்துடுவோம்னு எழுதியே குடுத்தோம், அதுக்கப்புறம் மேனேஜர்களே எடுத்துடுங்கன்னு சொல்ல ஆரம்பிச்சாங்க. திரும்ப கேட்டவங்க ரொம்ப கம்மி.

பதிலே சொல்லாத மேனேஜர் இருப்பாரு. அவருக்கு என்ன பண்றதுன்னு ரிவ்யூ ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணி மெயில்ல சொல்லிடுங்க. என்ட்ரா ஆக்சஸ் ரிவ்யூல இதுக்கு செட்டிங்கே இருக்கு, பதில் வரலன்னா அப்படியே விடலாம், இல்ல எடுத்துடலாம், இல்ல சிஸ்டம் சிபாரிசு பண்றத எடுத்துக்கலாம். முக்கியமான டேட்டாவுக்கு நான் எடுத்துடுங்கன்னுதான் வைப்பேன், ஆனா ரெண்டு தடவை ஞாபகப்படுத்தி, கடைசி தேதிய தெளிவா சொல்லிட்டு.

ஆளே இல்லாத அக்கவுண்ட்னா சர்வீஸ் அக்கவுண்ட், ஸ்கிரிப்ட்டுக்கு போட்டது, வெளி வெண்டருக்கு குடுத்தது, எல்லாரும் ஒரே பாஸ்வேர்ட வச்சு யூஸ் பண்ற பொது லாகின். ஒவ்வொண்ணுக்கும் பொறுப்பா ஒரு ஆள் பேர எழுதுங்க. யாரும் என்னுதுன்னு சொல்லலன்னா, பொறுப்பான எல்லா டீமுக்கும் சொல்லிட்டு, மாசக் கடைசி கணக்கு முடிக்கற நாள தவிர்த்துட்டு, ஒரு வேலை நாள் காலைல டிசேபிள் பண்ணிப் பாருங்க. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பண்ணாதீங்க, எது நின்னுதுன்னு பாக்க ஆள் இருக்கற நேரத்துல பண்ணுங்க. வருஷத்துக்கு ஒரு தடவை மட்டும் ஓடற ஜாபும் இருக்கும், அதனால இந்த வகைய சீக்கிரம் அழிக்காம டிசேபிள்லயே வச்சிருக்கறது நல்லது. அட்மின் அக்கவுண்ட்ல உங்க சொந்த அக்கவுண்டும் வரும், அத நீங்களே ரிவ்யூ பண்ணாதீங்க, வேற ஒருத்தர பண்ண சொல்லுங்க.

எவ்வளவு நாளுக்கு ஒரு தடவைன்னு கேட்டா, அட்மினும் பேரோல் மாதிரி டேட்டாவும் மூணு மாசம், மத்தது ஆறு மாசம்னு நான் வைப்பேன். கார்டு விவரம் கையாளற கம்பெனின்னா பிசிஐ டிஎஸ்எஸ்ங்கற கார்டு பாதுகாப்பு விதிகள்லயே குறைஞ்சது ஆறு மாசத்துக்கு ஒரு தடவை பாக்கணும்னு இருக்கு. ஆனா டீம் மாறறதுக்கு இந்த கணக்கெல்லாம் வேணாம், ஹெச்ஆர் மாத்தற அன்னைக்கே பழைய டீம் குரூப்ல இருந்து எடுக்கற மாதிரி ஒரு டிக்கெட் தானா வரட்டும், பழைய வேலைய ஒப்படைக்க டைம் வேணும்னா ரெண்டு வாரம் தேதி போட்டு குடுங்க. தற்காலிகமா குடுக்கற எதுக்கும் முடிவு தேதி இல்லாம குடுக்காதீங்க.

எல்லாம் முடிஞ்சதும் அதே எக்ஸ்போர்ட்ட திரும்ப ஒரு தடவை எடுங்க. எடுத்துடுன்னு எழுதின ஒவ்வொரு வரியும் புது எக்ஸ்போர்ட்ல இல்லன்னு ஒண்ணொண்ணா ஒப்பிட்டு பாருங்க, ஏன்னா ஒரு குரூப்ல இருந்து எடுத்த ஆள் இன்னொரு குரூப் வழியா அதே ஃபோல்டர்ல நிக்கறத நான் பல தடவை பாத்திருக்கேன். பழைய எக்ஸ்போர்ட்டு, முடிவு எழுதின ஷீட்டு, புது எக்ஸ்போர்ட்டு மூணையும் தேதி போட்டு ஒரே இடத்துல வைங்க. ஆடிட்டர் வந்தாலும் அதத்தான் கேப்பாரு, அடுத்த ரிவ்யூவ நீங்க ஆரம்பிக்கறதும் அந்த மூணாவது ஃபைல்ல இருந்துதான். அந்த ஃபோல்டர யாரெல்லாம் பாக்க முடியும்ங்கறதையும் ஒரு தடவை திறந்து பாத்துடுங்க.