கருங்கல் சுவருக்குச் சுண்ணாம்புச் சாந்து: மொரிசியசின் பழைய வீடுகளுக்கு

சாவி நுனியால் கல்லிடுக்கைச் சுரண்டுங்கள். வெளுத்த பொடி உதிர்ந்து, அதில் பவளத் துணுக்கோ சிப்பித் துகளோ தெரிந்தால் அது பழைய சாந்து. கடலோரச் சூளைகளில் பவளத்தைச் சுட்டெடுத்த சுண்ணாம்பு. சாம்பல் நிறத்தில் இறுகி, சாவி வழுக்கினால் பின்னாளில் பூசிய சிமெண்ட். ஓதம் பெரும்பாலும் அந்தச் சிமெண்டைச் சுற்றித்தான் தெரியும்.

காரணம் கல்லிலேயே இருக்கிறது. நம் தீவின் எரிமலைக் கருங்கல் தண்ணீரை அதிகம் குடிப்பதில்லை. சுவருக்குள் புகுந்த மழைநீர் ஆவியாகி வெளியேற இடுக்குதான் வழி. அதைச் சிமெண்டால் அடைத்தால் ஈரம் உள்பக்கம் திரும்பி, அறைச்சுவரின் பூச்சை உப்பவைக்கும், உத்தரத்தின் முனையை உளுக்கவைக்கும். 1735ல் ஆளுநராக வந்த மாஹே தெ லா பூர்தொனே போர்ட் லூயிசைக் கட்டப் புதுச்சேரியிலிருந்து கைவினைஞர்களை வரவழைத்தார். சுண்ணாம்பு அவர்களுக்குக் கைவந்த பொருள். 1849ல் கட்டத் தொடங்கிய, இந்தியக் கூலிகள் வந்திறங்கிய 'ஆப்பிரவாசி காட்' நிலையத்திலும் இதே கல்லையும் சுண்ணாம்பையும் பார்க்கலாம்.

தைப்பூசக் காவடி முடிந்து, புயல் காலமும் கழிந்து, மே மாதத்துக்குப் பிறகு வேலையைத் தொடங்குங்கள். வீடு தேசிய மரபுரிமைப் பட்டியலில் இருந்தால் முன் அனுமதி வேண்டும். சுவர் நடுவே புடைத்திருந்தால் இடுக்கைத் தொடவே வேண்டாம்: இப்படிப்பட்ட சுவருக்கு இரண்டு முகங்கள், நடுவில் பொடிக்கல் நிரப்பு. முகங்களைக் கோத்துப் பிடிக்கும் நீளக் கற்கள் விட்டுப்போனால் புடைக்கும். அதைப் பொறியாளர் பார்க்கட்டும்.

கெட்ட சாந்தை உளியும் சிறு சுத்தியலும் கொண்டு மட்டும் எடுங்கள். வெட்டும் இயந்திரம் கல்லின் விளிம்பைத் தின்றுவிடும். ஆழம் இடுக்கின் அகலத்தைப் போல இரு மடங்கு, குறைந்தது 25 மி.மீ. அரச, ஆலங்கன்று முளைத்திருந்தால் பிடுங்காதீர்கள். வேரோடு கல்லும் வரும். அடியோடு வெட்டி, வேர் பட்டுப்போன பிறகு அடையுங்கள்.

சாந்துக்கு 1 பங்கு சுண்ணாம்புக் களி, 3 பங்கு கழுவிய கருங்கல் மணல். மழை அறையும் பக்கத்துக்கு அரைப் பங்கு செங்கல் தூள் சேருங்கள். கடைச் சுண்ணாம்புப் பொடியை ஒரு நாளாவது நீரில் ஊறவைத்தால் களி கிடைக்கும். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். சுண்ணாம்பு கண்ணைச் சுட்டுவிடும். கடல்மணல் எவர் கொடுத்தாலும் வேண்டாம்: அதன் உப்பு சுவருக்குள்ளேயே தங்கிவிடும். கடற்கழியில் மணல் அள்ளுவதே 2001ல் தடைசெய்யப்பட்டது. கரண்டியைக் கவிழ்த்தாலும் ஒட்டி நிற்கும் அளவுக்குக் கெட்டியாகக் குழையுங்கள். நீர் கூடினால் சாந்து சுருங்கி வெடிக்கும். ஒரு சதுர மீட்டரில் 8 மீட்டர் நீள இடுக்கு, 20 மி.மீ. அகலம், 40 மி.மீ. ஆழம் என்றால் சுமார் 6.5 லிட்டர் சாந்து. சிந்துவதற்கு ஒரு லிட்டர் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முதல்நாள் மாலையும் அன்று காலையும் சுவரை நனையுங்கள். கல் ஈரமாக இருக்கலாம், நீர் வழியக்கூடாது. சாந்தை உள்ளே அழுத்தித் திணியுங்கள். ஒரு தடவைக்கு 20 மி.மீ.க்கு மேல் வேண்டாம். அகன்ற இடுக்கில் கருங்கல் சில்லைச் செருகினால் சுருக்கம் குறையும். கட்டைவிரலால் அழுத்தினால் தடம் விழாத பதம் வந்ததும் முரட்டுத் தூரிகையால் தட்டிச் சற்று உள்வாங்க விடுங்கள். சாந்து கல்லின் முகத்தில் படர்ந்தால் அந்த மெல்லிய ஓரம்தான் முதலில் பெயரும்.

பலரும் அவசரப்படுவது இதற்குப் பிறகுதான். சுண்ணாம்பு காய்ந்து இறுகுவதில்லை, ஈரத்தோடு காற்றை உண்டு இறுகுகிறது. போர்ட் லூயிஸ் வெயிலில் அரை நாளில் உலர்ந்தால் பொடியாகவே நின்றுவிடும். கோணிச் சாக்கை (கிரியோலிலும் 'கோனி' என்றுதான் கேட்போம்) நனைத்துத் தொங்கவிட்டு, 7 நாளாவது ஈரம் காயாமல் காக்க வேண்டும். மேட்டுநில ஊரான கியூர்பிப்பின் தூறலில் தலைகீழ்: அங்கே சாந்து கழுவிப் போகாமல் மேலே தார்ப்பாய் கட்டுங்கள், சுவரில் ஒட்டாமல், இடையில் காற்று ஓடும்படி.