மசில் காரில் புது என்ஜின் மவுண்ட்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

என்ஜினை வண்டியின் சட்டத்தில் (ஃப்ரேம்) தாங்கிப் பிடிப்பதுதான் என்ஜின் மவுண்ட். ஒரு பக்கம் அது என்ஜினின் உடலான பிளாக்கில் போல்ட்டால் ஏறும்; மறுபக்கம் ஃப்ரேம் பிராக்கெட்டின் காதுகளுக்கு நடுவே உட்கார்ந்து, குறுக்கே கடக்கும் நீளமான த்ரூ போல்ட்டால் சேரும். பழைய கமாரோ, ஷெவெல், மஸ்டாங், சேலஞ்சர் போன்ற அமெரிக்க மசில் கார்களுக்கு ஆஃப்டர்மார்க்கெட் (வெளிக் கம்பெனி செய்த) என்ஜின் மவுண்ட் மாட்டுகிறவர்கள் சொல்லும் புகார் அநேகமாக ஒன்றுதான்: பிளாக்கில் போல்ட்டெல்லாம் சுலபமாக ஏறிவிட்டன, என்ஜினை இறக்கினால் த்ரூ போல்ட் மட்டும் ஓட்டைக்கு நேராக வரவில்லை. உடனே பழி மவுண்ட் செய்த கம்பெனி மேல் விழும். ஓட்டையை இடம் மாற்றித் துளைத்த மட்டமான மவுண்டும் சந்தையில் உண்டு, இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் பல நேரம் மவுண்டிலும் குற்றமில்லை, ஃப்ரேம் பிராக்கெட்டிலும் குற்றமில்லை. இரண்டும் ஜோடி இல்லை, அவ்வளவுதான்.

இனி இடது, வலது என்று வருவதெல்லாம் சீட்டில் உட்கார்ந்து முன்னால் பார்க்கும்போது உள்ள பக்கம். இவை இடப்பக்க ஸ்டீயரிங் வண்டிகள் என்பதால் இடது என்றால் டிரைவர் பக்கம்.

மாடலையும் வருஷத்தையும் மட்டும் சொல்லி வாங்குவது

"1969 கமாரோ, 350 என்ஜின்" என்று சொன்னால் (350 என்பது கன அங்குலத்தில் என்ஜினின் அளவு) கடைக்காரர் கேட்டலாக்கைப் பார்த்து ஒரு ஜோடி மவுண்டை எடுத்துக் கொடுப்பார். ஐம்பது வருஷத்துக்கு மேலான வண்டியில் என்ஜின் மாறியிருக்கும், பிராக்கெட் மாறியிருக்கும், முன்பக்கச் சட்டமான சப்ஃப்ரேமே வேறு வண்டியிலிருந்து வந்திருக்கும். கேட்டலாக்குக்கு அது தெரியாது.

கமாரோ, ஷெவெல் செய்த ஷெவர்லேயில் இந்தச் சிக்கல் அதிகம் வரக் காரணம் அதன் வசதிதான். ஸ்மால் பிளாக், பிக் பிளாக் என்கிற அதன் சிறிய, பெரிய வி8 என்ஜின்கள் இரண்டுக்கும் பக்கத்துக்கு மூன்று 3/8 அங்குல போல்ட், ஒரே அமைப்பு. அதனால் எந்த மவுண்டும் எந்த பிளாக்கிலும் ஏறிவிடும். ஏறிவிட்டது என்பதற்காக அது சரியான மவுண்ட் ஆகிவிடாது. ஃப்ரேமில் உட்காரும் பிராக்கெட் ஸ்மால் பிளாக்குக்கு வேறு, பிக் பிளாக்குக்கு வேறு. மவுண்டிலேயும் குட்டை அகலம், நெட்டை ஒல்லி என்று இரண்டு வகை பரவலாகக் கிடைக்கிறது. த்ரூ போல்ட் கடக்கும் இடத்தில் முதல் வகை சுமார் 2 5/8 அங்குல அகலம், இரண்டாவது வகை சுமார் 2 3/8.

வித்தியாசம் கால் அங்குலம், அதாவது ஆறு மில்லிமீட்டர்தான். ஆனால் தொல்லை இங்கேதான் ஆரம்பிக்கிறது. அகலமான பிராக்கெட்டில் ஒல்லி மவுண்டை வைத்து த்ரூ போல்ட்டை முறுக்கினால், இடைவெளியை மூட பிராக்கெட்டின் இரண்டு காதுகளும் உள்ளே வளையும். வளைந்த காது சீக்கிரம் வெடிப்பு விடும். வளையாவிட்டால், ஒவ்வொரு முறை பிரேக் பிடிக்கும்போதும் என்ஜின் அந்த ஆறு மில்லிமீட்டருக்குள் முன்னும் பின்னும் இடிக்கும். எதிர்ப்பக்கத் தவறு இன்னும் முரட்டுத்தனமானது: ஒல்லி பிராக்கெட்டில் அகல மவுண்ட் நுழையாது, சுத்தியலை எடுப்பார்கள்.

ஆகவே வாங்கும் முன் வெர்னியர் அளவுகோலைக் கையில் எடுங்கள். பிராக்கெட்டின் காதுகளுக்கு நடுவே உள்ள அகலத்தை இரண்டு பக்கமும் அளக்க வேண்டும். பிறகு பழைய மவுண்டில், பிளாக்கைத் தொடும் முகத்திலிருந்து த்ரூ போல்ட் ஓட்டையின் மையம் வரை உயரம். பழைய ரப்பர் நசுங்கியிருந்தால் அந்த உயரம் சில மில்லிமீட்டர் குறைவாகக் காட்டும். அகலம் பொய் சொல்லாது. இடப்பக்கம் ஒரு வகை, வலப்பக்கம் இன்னொரு வகை மாட்டிய வண்டிகளும் வரும். ஒரு பக்க மவுண்ட் மட்டும் உடைந்து, கிடைத்ததை வாங்கி மாட்டியதால் வருவது அது. என்ஜின் சாய்ந்து நிற்கும், ஹெடர் என்கிற புகைக் குழாய் ஒரு பக்கம் ஸ்டீயரிங் பாக்ஸில் உரசும். மவுண்டை எப்போதும் ஜோடியாகவே மாற்றுங்கள்.

மோபார், அதாவது கிரைஸ்லர் குழுமத்தின் (டாட்ஜ், பிளிமத்) வண்டிகளில் கதை வேறு. அங்கே கே-மெம்பர் என்கிற முன் குறுக்குச் சட்டம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. 1973-இல் மவுண்டின் வடிவமே மாறி, நடுவில் நீளமான போல்ட் கடக்கும் ஸ்பூல் வகை வந்தது. பழைய கே-மெம்பரில் அது உட்காராது. 318, 340 என்ஜின்கள் இரண்டுக்கும் ஒரே பிராக்கெட் போதும். 360 பிளாக்கில் மவுண்ட் காதுகள் மாறியிருப்பதால் அதற்குத் தனி பிராக்கெட் வேண்டும். 318-ஐ எடுத்துவிட்டு 360 வைப்பவர்கள் என்ஜின் தொங்கிக்கொண்டிருக்கும்போதுதான் இதைக் கண்டுபிடிக்கிறார்கள். மஸ்டாங்கில் முதல் தலைமுறைக்குள்ளேயே மவுண்டின் வடிவம் மாறியது. வருஷத்தைவிட உங்கள் வண்டியில் இருக்கும் பிராக்கெட்டின் வடிவத்தை நம்புங்கள்.

அசலைப் போலவே இருக்கிறது என்று வாங்குவது

1971 டிசம்பரில் ஜெனரல் மோட்டார்ஸ் சுமார் 67 லட்சம் ஷெவர்லே வண்டிகளைத் திரும்ப அழைத்தது. காரணம் இந்த மவுண்டுதான். வண்டிக்கு எதிரிலிருந்து பார்த்தால் என்ஜினின் சுழல் தண்டான கிராங்க் வலஞ்சுழியாகச் சுற்றும். அதன் எதிர்விசை என்ஜினின் இடப்பக்கத்தை மேலே தூக்கும். அதனால் இடது மவுண்டின் ரப்பர் இழுபட்டு இழுபட்டு இரும்பிலிருந்து பிரிந்துவிடும். பிரிந்தபின் ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் என்ஜின் எழும்பும், த்ராட்டில் இணைப்பு திறந்தபடியே சிக்கிக்கொள்ளும், பவர் பிரேக்கின் வேக்குவமும் போகலாம். கம்பெனி கொடுத்த தீர்வு, என்ஜின் எழும்பாமல் பிடிக்க ஒரு கம்பிக் கயிறு. அதன்பின் வந்த மவுண்டுகளில் ரப்பர் பிரிந்தாலும் இரும்புப் பாகங்கள் ஒன்றையொன்று கவ்விப் பிடிக்கும் அமைப்பு இருந்தது.

இன்றும் இரண்டு வகையும் விற்பனைக்கு இருக்கின்றன. கண்காட்சிக்குத் தயாராகும் வண்டிக்காகப் பழைய தோற்றத்தில் செய்யப்படும் சில மவுண்டுகளில் அந்தக் கவ்வும் அமைப்பு கிடையாது. டிரெய்லரில் ஏறி இறங்கும் வண்டிக்கு அது போதும். ரோட்டில் ஓட்டுவதாக இருந்தால் கவ்வும் வகையை வாங்குங்கள்; மாட்டியபின் யாரும் குனிந்து பார்க்கப்போவதில்லை.

போல்ட்டில் செய்யும் சில்லறை வேலைகள்

கிட்டோடு வந்த போல்ட் தொலைந்தால் பெட்டியில் கிடக்கும் ஏதோ ஒன்றைப் போடுவது வழக்கம். நீளம் அதிகமானால் போல்ட் நுனி ஓட்டையின் அடியில் முட்டி நிற்கும். முறுக்கு விசையை அளக்கும் டார்க் ரெஞ்ச் 'கிளிக்' என்கும், மவுண்ட் லூஸாகவே இருக்கும். கையால் வாஷர் இல்லாமல் போல்ட்டை முழுவதும் உள்ளே விட்டு, வெளியே எவ்வளவு நிற்கிறது என்று பாருங்கள். அது மவுண்ட் தகடும் வாஷரும் சேர்ந்த தடிமனைவிடக் குறைவாக இருக்க வேண்டும். அதே சமயம் வார்ப்பிரும்புக்குள் போல்ட் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்காவது மறை பிடிக்க வேண்டும். 3/8 போல்ட்டுக்கு அது சுமார் 14 மில்லிமீட்டர்.

ஜெனரல் மோட்டார்ஸின் பிற்கால வி8 ஆன எல்எஸ் என்ஜினை வைத்தவர்களுக்கு இன்னொரு கண்ணி உண்டு. அந்த பிளாக்கில் பக்கத்துக்கு நான்கு போல்ட், அதுவும் மெட்ரிக் எம்10. பழைய 3/8 போல்ட்டின் விட்டம் 9.5 மில்லிமீட்டர், எம்10 ஓட்டையில் வழுக்கிக்கொண்டு போகும். முறுக்கும்போது மறையைச் சீவிவிடும். பிளாக்கையும் மவுண்டையும் இணைக்கும் அடாப்டர் பிளேட்டைப் பிளாக்கில் பிடிக்க மெட்ரிக், பிளேட்டிலிருந்து மவுண்டுக்கு அங்குல போல்ட் என்பதே பெரும்பாலான கிட்டுகளின் ஏற்பாடு. இரண்டையும் தனித்தனித் தட்டில் வையுங்கள். அடாப்டர் வாங்கும்போது அது நெட்டை ஒல்லி மவுண்டுக்கா, குட்டை அகல மவுண்டுக்கா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஓட்டை சேரவில்லை என்று த்ரூ போல்ட் ஓட்டையை ட்ரில்லால் பெரிதாக்குவது மிக மோசமான பழக்கம். பெரிதான ஓட்டையில் போல்ட் ஆடும், ஆட ஆட ஓட்டை முட்டை வடிவமாகும். உள்ளே படிந்த பவுடர் கோட்டிங்கை வட்ட அரத்தால் சுரண்டி எடுப்பது மட்டும் தவறில்லை. புது மவுண்ட் பலவற்றில் முதல் தடை அந்தப் பெயின்ட் படலம்தான்.

முதலில் மாட்டியதை முதலிலேயே இறுக்கிவிடுவது

மவுண்ட் சரியானதாக இருந்தும் ஓட்டை சேராமல் போவதற்கு இதுவே முதல் காரணம். பிளாக் போல்ட் ஆறையும் முழுசாக முறுக்கிவிட்டு, கியர்பாக்ஸ் மவுண்டையும் குறுக்குச் சட்டத்தில் இறுக்கிவிட்டு, கடைசியில் த்ரூ போல்ட்டோடு மல்லுக்கட்டுவார்கள். எல்லாம் இறுகிய பிறகு எதுவும் நகராது.

வரிசை இப்படி இருக்கட்டும். பிளாக் போல்ட்களைக் கையால் ஏற்றி, தலைக்கும் மவுண்டுக்கும் நடுவே ஓரிரு மில்லிமீட்டர் விடுங்கள். ஃப்ரேம் பிராக்கெட்டுகளும் அப்படியே. கியர்பாக்ஸ் மவுண்டின் நட்டைப் பிடிக்க மட்டும் வையுங்கள். என்ஜினை மெதுவாக இறக்கி, கூம்பு நுனியுள்ள லைனிங் கம்பியை ஒரு பக்கம் விட்டு நெம்பி, மறுபக்க த்ரூ போல்ட்டை முதலில் நுழையுங்கள். பிறகு கம்பி இருந்த பக்கம். இரண்டும் நுழைந்தபின் என்ஜினைத் தொங்கவிட்ட செயின் பிளாக்கை (சங்கிலிக் கப்பி) முழுதாகத் தளர்த்தி, எடையெல்லாம் மவுண்டில் இறங்கியதும் என்ஜினை ஒரு முறை இப்படியும் அப்படியும் ஆட்டுங்கள். அது தன் இடத்தில் உட்காரும். அதற்குப் பிறகே இறுக்கம்: பிராக்கெட், பிளாக் போல்ட், த்ரூ போல்ட், கடைசியில் கியர்பாக்ஸ். 3/8 கிரேடு 5 போல்ட்டுக்கு 30 முதல் 35 அடி-பவுண்ட் போதும். த்ரூ போல்ட்டுக்குக் கிட்டின் தாளில் உள்ள அளவு.

இத்தனையும் செய்தும் இரண்டு பக்கமும் ஒரே திசையில் ஓட்டை விலகி நின்றால், கியர்பாக்ஸ் குறுக்குச் சட்டம் இடம் மாறியிருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் விலகினால் பிராக்கெட்டையோ சப்ஃப்ரேமையோ சந்தேகியுங்கள்.

ஆயில் பானுக்கு அடியில் ஜாக்கி

வண்டியிலேயே மவுண்ட் மாற்றும்போது செய்வது. என்ஜினின் அடியில் எண்ணெய் நிற்கும் பானின் மெல்லிய தகடு ஒரு விரல் அளவு உள்ளே போனாலும், எண்ணெய் உறிஞ்சும் பிக்கப்புக்கும் பானின் அடித்தட்டுக்கும் நடுவே இருக்கும் கால் அங்குலச் சொச்ச இடைவெளி போய்விடும். எண்ணெய் அழுத்தம் விழும், பேரிங் போகும். முடிந்தால் மேலிருந்து செயின் பிளாக்கில் தூக்குங்கள். வேறு வழியில்லை என்றால் பானின் அடித்தட்டு முழுவதையும் தாங்கும் தடிமனான பலகையை வைத்து, போல்ட்டை உருவத் தேவையான அளவு மட்டும் தூக்குங்கள். தூக்கும் முன் ஃபேனைச் சுற்றிய உறையான ஷ்ரவுடைக் கழற்றிவிடுங்கள், இல்லையேல் ஃபேன் ரேடியேட்டரைப் பதம் பார்க்கும். ஷெவர்லேயில் டிஸ்ட்ரிபியூட்டர் பின்னால் இருப்பதால் மூடியையும் கழற்றுவது நல்லது. என்ஜினுக்குப் பின்னால் உள்ள தடுப்புத் தகடான ஃபயர்வாலில் நசுங்கி உடைவது அதுதான் முதலில்.

உயரம் மாறினால் கூடவே மாறுபவை

மவுண்ட் என்ஜினை அரை அங்குலம் உயர்த்தினால் ஏர் கிளீனர் பானெட்டில் இடிக்கும், இது எல்லோருக்கும் தெரியும். தெரியாமல் போவது டிரைவ்லைன் கோணம், அதாவது என்ஜினிலிருந்து பின் ஆக்ஸில் வரை சுழற்சியைக் கொண்டுபோகும் பாகங்களின் சாய்வு. முன் மவுண்டுக்கும் கியர்பாக்ஸ் மவுண்டுக்கும் ஒரு மீட்டர் தூரம் என்று வைத்தால், அரை அங்குலம் சுமார் முக்கால் டிகிரி. என்ஜின் பின்பக்கமாக மூன்று டிகிரி போலச் சரிந்து நிற்பதும், பின் ஆக்ஸிலின் பினியன் அதற்கு இணையாக நிற்பதும்தான் வழக்கமான அமைப்பு. அதில் முக்கால் டிகிரி தப்பினால் வேகத்தில் ஓர் அதிர்வு வரும். டயர் பேலன்ஸ் செய்து செய்து அலுத்துப்போவார்கள். கிராங்க்கின் முன்முனையில் உள்ள பேலன்ஸரின் முகத்தில் டிஜிட்டல் கோணமானியை வைத்து, மாற்றும் முன்னும் பின்னும் எழுதி வையுங்கள்.

மேனுவல் கியர் வண்டியில் பெடலின் அசைவைக் கிளட்ச்சுக்குக் கடத்தும் இசட்-பாரும் பாதிக்கப்படும். அதன் ஒரு முனை பிளாக்கில், மறுமுனை ஃப்ரேமில். என்ஜின் உயர்ந்தாலோ பின்னால் நகர்ந்தாலோ பார் கோணலாகி, பெடல் கனத்து, பாதியில் சிக்கும். உயரத்தைச் சரிசெய்ய வாஷர்களை அடுக்காதீர்கள்; இரண்டு பக்கமும் ஒரே தடிமனில் வெட்டிய முழுத் தகடும் அதற்கேற்ற நீளப் போல்ட்டும் வேண்டும்.

ரப்பரா, பாலியா, இரும்பா

ஓட்டும் வண்டிக்கு நல்ல ரப்பர் போதும். பாலியூரித்தேன் என்ஜின் ஆட்டத்தைக் குறைக்கும். ஆனால் முரட்டு கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) போட்ட என்ஜினில் ஐடிலில் கண்ணாடியே நடுங்கும். இரும்பு மவுண்ட் பந்தயத்துக்கு. அதைப் போட்டவர்கள் கியர்பாக்ஸுக்கும் இரும்பு போடக் கூடாது. ஃப்ரேம் முறுக்கும்போது அந்த விசை கியர்பாக்ஸ் கூட்டில் இறங்கி காது வெடிக்கும். ஹெடர் குழாய் ஒரு அங்குலத்துக்குள் வந்தால் ரப்பரோ பாலியோ கருகும், நடுவில் ஒரு தகடு மறைப்பு வேண்டும்.

மாட்டி முடித்ததும் எர்த் பட்டையைத் திரும்ப இணைத்தீர்களா என்று பாருங்கள். ரப்பர், பாலி இரண்டிலும் மின்சாரம் கடக்காது. பட்டை இல்லாவிட்டால் ஸ்டார்ட்டர் இழுக்கும் கரன்ட் த்ராட்டில் கேபிள் வழியாகத் திரும்பும். கேபிள் சூடாகி உறை உருகினால் காரணம் அதுதான். முதல் இருநூறு, முந்நூறு கிலோமீட்டர் ஓடியபின் என்ஜின் ஆறியிருக்கும்போது எல்லா போல்ட்டிலும் ஒரு முறை டார்க் ரெஞ்ச் வையுங்கள். த்ரூ போல்ட்டின் நட் நைலான் பூட்டு வகை என்றால், ஒவ்வொரு முறை கழற்றும்போதும் புதிது போடுங்கள்.