ஜிபிஎஸ் டைம் சர்வர்: நேரம் கோட்டை விடப்படும் இடங்கள்

மலிவான ஜிபிஎஸ் மாட்யூல் ஒன்றை ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினியில் மாட்டினால் அருமையான என்டிபி சர்வர் (நெட்வொர்க்கில் உள்ள மற்ற கணினிகளுக்கு நேரம் சொல்வது) கிடைக்கும். ஆனால் பலர் யுஎஸ்பி வழியே வரும் என்எம்இஏ வரிகளை, அதாவது நேரத்தையும் இடத்தையும் எழுத்தாகச் சொல்லும் வரிகளை, படித்ததோடு வேலை முடிந்தது என்று விட்டுவிடுகிறார்கள். அந்த வரிகள் வினாடி பிறந்த பிறகு சாவகாசமாக வருபவை. 9600 பாட் வேகத்தில் ஓர் எழுத்து வரவே ஒரு மில்லிவினாடிக்கு மேல் ஆகும். தாமதம் ஒரே அளவாக இருந்தாலாவது கழித்துக்கொள்ளலாம். கண்ணில் படும் செயற்கைக்கோள்களின் எண்ணிக்கை கூடக் குறைய, வரும் வரிகளின் நீளமும் மாறும். தாமதமும் சேர்ந்து ஆடும்.

துல்லியம் இருப்பது வினாடி தொடங்கும் கணத்தைக் காட்ட வினாடிக்கு ஒரு முறை வரும் பிபிஎஸ் என்ற மின்துடிப்பில்தான். யூப்ளாக்ஸ் நியோ-6எம் போன்ற பழைய சிப்பிலேயே அதன் பிழை 30 நானோவினாடி அளவுதான். அதனால் வாங்கும்போதே பிபிஎஸ் பின் வெளியே வந்திருக்கிறதா என்று பாருங்கள். சில மலிவு போர்டுகளில் அது எல்இடியை மினுக்குவதோடு நின்றுவிடும். அந்த பின்னிலிருந்து ராஸ்பெர்ரி பையின் ஜிபிஐஓ பின்னுக்கு ஒரு வயர் இழுத்தால் போதும்.

அதற்காக என்எம்இஏவைத் தூக்கிப் போட முடியாது. துடிப்புக்கு வினாடி எப்போது தொடங்கியது என்று மட்டும்தான் தெரியும். எந்த வினாடி என்று தெரியாது. க்ரோனி என்ற என்டிபி மென்பொருளில் இரண்டையும் 'லாக்' செய்து இணைப்பது இதற்காகத்தான். என்எம்இஏவின் தாமதத்தை ஆஃப்செட்டாக (சரிக்கட்ட வேண்டிய அளவாக) கொடுக்காவிட்டால் இந்த இணைப்பே குழம்பிவிடும்.

கடிகாரம் சரியாக 100 மில்லிவினாடி தள்ளி நிற்கிறதா? துடிப்பின் ஏறும் விளிம்புக்குப் பதிலாக இறங்கும் விளிம்பைப் பிடித்திருப்பீர்கள். பல மாட்யூல்களில் துடிப்பின் அகலம் அவ்வளவுதான்.

ஆன்டெனா கேபிளில் மீட்டருக்கு 5 நானோவினாடி போகிறதே என்று கவலைப்படுபவர்களும் உண்டு. என்டிபிக்கு அது தேவையில்லாத கவலை. ஆன்டெனாவை ஜன்னலோரத்திலிருந்து மொட்டை மாடிக்கு மாற்றுவதில் பலன் அதிகம்.

அப்புறம், புதிதாக ஆன் செய்ததும் வரும் நேரத்தை உடனே நம்பாதீர்கள். 2017 முதல் ஜிபிஎஸ் நேரம் உலகப் பொது நேரமான யுடிசியைவிட 18 வினாடி முன்னால் ஓடுகிறது. இந்த வித்தியாசம் அடங்கிய, செயற்கைக்கோள் அனுப்பும் முழுச் செய்தி ஒரு சுற்று வர 12.5 நிமிடம் ஆகும். அதுவரை சில ரிசீவர்கள் பழைய கணக்கையே சொல்லும்.

ஜிபிஎஸ் தேதியைச் சொல்லும் வாரக் கணக்கு வேறு 1024 வாரத்துக்கு ஒரு முறை பூஜ்யத்துக்குத் திரும்பும். கடைசியாக நடந்தது 2019 ஏப்ரலில். பழைய ஃபர்ம்வேர் (மாட்யூலுக்குள் இருக்கும் மென்பொருள்) இதில் தடுமாறினால் தேதி ஏறக்குறைய 20 ஆண்டு பின்னால் போய்விடும். அதுவும் அதே நாளில்தான் என்றில்லை, ஃபர்ம்வேர் எழுதிய காலத்தைப் பொறுத்தது. இணையத்தில் உள்ள மூன்று நான்கு என்டிபி சர்வர்களையும் கூடவே சேர்த்து வைத்தால் க்ரோனி இந்தப் பொய்யைக் கண்டுபிடித்து ஒதுக்கிவிடும்.