விருந்து நாளில் உங்கள் நாய்க்கும் பூனைக்கும் ஓர் அறை

வீட்டில் விழா நடக்கும் நாளில் வளர்ப்பு விலங்குகள் ஆபத்தில் சிக்குவதற்குப் பெரும்பாலும் காரணம், அன்று எல்லாருடைய கவனமும் வேறெங்கோ இருப்பதுதான். அன்றைக்கு விழிப்பாக இருந்துகொள்ளலாம் என்று நம்புவதைவிட, ஒரு வாரத்துக்கு முன்பே ஏற்பாடுகளை முடித்து வைப்பதே பயன் தரும்.

முதல் ஏற்பாடு, ஓர் அறை. வாசலையும் சமையலறையையும் விட்டுத் தள்ளியிருக்கும் சிறிய அறையில், விலங்கு வழக்கமாகப் படுக்கும் விரிப்பு, தண்ணீர்க் கிண்ணம், பூனையானால் மணல் தட்டு ஆகியவற்றை வைத்து, பல நாள் முன்பிருந்தே அங்கே உணவு கொடுத்துப் பழக்க வேண்டும். விருந்தினர் வந்த பிறகு திடீரென்று கொண்டுபோய் அடைத்தால், அது தண்டனை என்றுதான் அதற்குத் தோன்றும். ஒலியின் கூர்மையை அளக்கும் அலகான ஹெர்ட்ஸில் சொன்னால், மனிதக் காதுக்கு ஏறக்குறைய 20,000 வரை கேட்கும். நாய்க்கு 40,000-க்கு மேலும், பூனைக்கு 60,000-க்கு மேலும் கேட்கும். நமக்கு எட்டாத கூரிய ஒலிகளும் அவற்றின் காதில் விழும் என்பதால், ஜன்னலைச் சாத்தி, திரையை இழுத்துவிட்டு, மின்விசிறியை ஓடவிடுங்கள். வெளிச்சத்தம் ஓரளவு அமுங்கும். கட்டிலுக்கடியில் ஒளிந்துகொண்டால் இழுத்து வெளியே எடுக்காதீர்கள். பயந்த நாயைத் தடவிக் கொடுத்தால் பயம் வளரும் என்று சிலர் சொல்வதை நம்ப வேண்டியதில்லை. அதுவாக அருகில் வந்தால் தாராளமாகத் தடவிக் கொடுக்கலாம். வெடிச்சத்தத்துக்குக் கடுமையாக நடுங்கும் விலங்கானால், முன்கூட்டியே கால்நடை மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். நாம் விழுங்கும் மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுப்பது கூடவே கூடாது. பாரசிட்டமால் பூனையின் உயிரையே வாங்கிவிடும்.

வாசற்கதவு ஐம்பது முறை திறக்கிற நாளில், ஒரு முறை கவனம் தப்பினால் போதும், விலங்கு வெளியே ஓடிவிடும். கழுத்துப்பட்டையில் உங்கள் தொலைபேசி எண் தெளிவாக இருக்கிறதா, தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சில்லான மைக்ரோசிப் பொருத்தியிருந்தால் அதன் பதிவில் இருப்பது இப்போதைய எண்தானா என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

உணவு விஷயத்தில் விருந்தினரிடம் வந்தவுடனேயே சொல்லிவிடுவது நல்லது. மேசையோரம் உட்கார்ந்து கண் கொட்டாமல் பார்க்கும் நாயிடம் எவருடைய உறுதியும் நெடுநேரம் நிற்பதில்லை. சாக்லேட்டில் உள்ள தியோபுரோமின் என்ற வேதிப்பொருளை நாயின் உடல் மெதுவாகத்தான் வெளியேற்றும். சாக்லேட் எவ்வளவு கருப்போ அவ்வளவு ஆபத்து. திராட்சையும் உலர்திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யக்கூடும். வெங்காயமும் பூண்டும், சமைத்தவையானாலும், இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். அதன் அறிகுறி சில நாள் கழித்தே தெரியலாம். சர்க்கரையில்லாத இனிப்புகளில் சேர்க்கப்படும் சைலிட்டால், நாயின் இரத்தச் சர்க்கரையை அரை மணி நேரத்திலேயே அபாய அளவுக்கு இறக்கிவிடக்கூடும். வெந்த எலும்பு கூராக உடைந்து குடலைக் குத்தும் என்பதால், எச்சில் தட்டுகளை உடனுக்குடன் எடுத்து, மூடியுள்ள குப்பைத்தொட்டியில் கொட்டுங்கள்.

அலங்காரத்தில் பூனைக்குப் பெரிய பகை இரண்டு. ஒன்று லில்லி மலர்: உடம்பில் ஒட்டிய மகரந்தத்தை நக்கினாலும், பூச்சாடித் தண்ணீரைக் குடித்தாலும் அதன் சிறுநீரகம் கெட்டுவிடும், பூனை உள்ள வீட்டுக்குள் அந்தப் பூவே வர வேண்டாம். மற்றொன்று பரிசுப்பொதியின் ரிப்பன். விழுங்கிய ரிப்பனின் நுனி வாயிலோ ஆசனவாயிலோ தொங்கினால் ஒருபோதும் இழுக்காதீர்கள். உள்ளே அது எங்காவது சிக்கியிருந்தால், குடல் அறுபட்டுவிடும். விளையாட்டுப் பொருள்களின் பட்டன் பேட்டரிகளையும் எண்ணி எடுத்து வையுங்கள். புகையும் ஆவியும் பறவைக்கு ஆகாது என்பதால், பறவை வளர்ப்போர் வாசனை மெழுகுவர்த்தியையும், அடுப்பில் காயும் வெறும் நான்ஸ்டிக் பாத்திரத்தையும் தவிர்க்க வேண்டும்.

எதையாவது தின்றுவிட்டது தெரிந்தால், அறிகுறிக்காகக் காத்திருக்காமல், உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தியெடுக்க வைக்கவும் முயலாமல், மருத்துவரை அழைத்து விலங்கின் எடை, தின்ற பொருள், அளவு, நேரம் ஆகியவற்றைச் சொல்லுங்கள். மீந்த உறையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். விடுமுறை நாளில் எந்த மருத்துவமனை திறந்திருக்கும் என்பதை முந்தைய வாரமே விசாரித்து, அந்த எண்ணைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வைத்திருங்கள்.