சிக்கிக்கொண்டே இருந்த வின்செஸ்டர் 97

அரிசோனாவில் கௌபாய் ஷூட்டிங் போட்டிகளுக்கு, அதாவது பழைய காலத் துப்பாக்கிகளால் சுடும் போட்டிகளுக்கு, நான் எடுத்துப் போவது வின்செஸ்டர் 1897 பம்ப் ஷாட்கன். முன்பிடியை முன்னும் பின்னும் இழுத்துத் தோட்டா ஏற்றும் துப்பாக்கி இது. ஜான் பிரவுனிங் வடிவமைத்தது, 1957 வரை தயாரானது. என்னுடையதற்கு நூறு வயது தாண்டிவிட்டது. போன வருடம் பாடாய்ப் படுத்தியது. இரண்டாவது தோட்டா முன்கூட்டியே நழுவி வந்து தோட்டாவை மேலே தூக்கும் கேரியருக்கு அடியில் மாட்டிக்கொள்ளும். பம்ப் முன்னாலும் போகாது, பின்னாலும் வராது. போட்டி நேரமோ ஓடிக்கொண்டிருக்கும்.

ஸ்பிரிங் மாற்றினேன், துடைத்து எண்ணெய் விட்டேன். சரியாகவில்லை.

அப்புறம் பழைய ஷாட்கன்களையே பார்க்கும் ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். போலித் தோட்டாக்களைப் போட்டு நாலு தடவை மெதுவாக இழுத்துப் பார்த்தார். தோட்டாக்கள் வரிசையாக இருக்கும் குழாயில் அடுத்த தோட்டாவை நிறுத்திவைக்க இரு பக்கமும் சின்ன நாக்குகள் உண்டு. வலது நாக்கின் முனை தேய்ந்திருந்தது. நகத்தை வைத்துப் பார்க்கச் சொன்னார், வழுக்கியது. புது நாக்கை வாங்கி அப்படியே மாட்டிவிடவில்லை அவர். கறுப்பு மை பூசி, எங்கே உரசுகிறது என்று பார்த்து, அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாக ராவி உட்கார வைத்தார். எத்தனை தடவை கழற்றி மாட்டினார் என்று எண்ணவே முடியவில்லை. அந்தப் பொறுமைக்கு எவ்வளவு கொடுத்தாலும் தகும்.

அதன்பின் ஆறு போட்டிகள் ஆடிவிட்டேன். ஒரு தோட்டாகூடச் சிக்கவில்லை.