607002-ஐ உடைப்பது எப்படி?

பார்சல் ஒன்றுக்கு விலாசம் எழுதிக்கொண்டிருந்தேன். எட்டிப் பார்த்த அக்கா மகள், "மாமா, நம்ம பின்கோடு பகா எண்ணா?" என்றாள். திருப்பாதிரிப்புலியூர், 607002. "இரட்டைப்படை, அதனால இல்ல" என்று தப்பிக்கப் பார்த்தேன். "அப்போ எதெதால வகுபடும்?" என்று விடவில்லை.

சரி, பேனாவை எடுங்கள். 2 போகும். இலக்கங்களைக் கூட்டினால் 15, ஆகவே 3-ம் போகும். மிஞ்சுவது 101167. இதில் 3, 5, 7 எதுவும் போகாது.

அடுத்து 11. வலது கோடியிலிருந்து கூட்டல், கழித்தல் என்று மாற்றி மாற்றிப் போடுங்கள்: 7−6+1−1+0−1 = 0. பூஜ்யமோ 11-இன் மடங்கோ வந்தால் வகுபடும். 101167 ÷ 11 = 9197. அதே 11-ஐ இன்னொரு தரம் போட்டுப் பார்க்க மறக்காதீர்கள், இங்கே போகவில்லை. 13-க்கு மீதி 6. 17-க்கு மீதியே இல்லை, 541 வருகிறது.

நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். ஓர் எண் பகா எண்ணா என்று பார்க்க அதன் வர்க்கமூலம் வரை வகுத்தால் போதும் என்று படித்திருக்கிறோம் இல்லையா? 607002-க்கு அது 779 சொச்சம். அதுவரை 137 பகா எண்கள் இருக்கின்றன. நானும் 19, 23, 29, 31 என்று ராத்திரி பதினொன்று வரை வகுத்துக்கொண்டே போனேன். வீண் வேலை. காரணி ஒன்று கழன்றதும் எல்லையும் சுருங்கிவிடும். இப்போது கையில் இருப்பது 541 மட்டும். அதன் வர்க்கமூலம் 23 சொச்சம். 17-க்கு முந்தியவை முடிந்தன, பாக்கி இன்னொரு தரம் 17, அப்புறம் 19, 23. மீதிகள் 14, 9, 12. ஆக 541 பகா எண். அதுவும் வரிசையில் சரியாக நூறாவது!

607002 = 2 × 3 × 11 × 17 × 541

போன் கால்குலேட்டர் தசமத்தைக் காட்டுமே தவிர மீதியைக் காட்டாது. என் ஓட்டு கட்டம் போட்ட கணக்கு நோட்டுக்குத்தான். விடை சரிபார்க்க லினக்ஸ் கணினியில் 'ஃபாக்டர்' (factor) என்ற கட்டளை போதும்.

இனி எல்லாம் சுலபம். ஐந்து பகாக்காரணிகளும் ஒவ்வொரு தரமே வருவதால் வகுஎண்கள் 2⁵ = 32. அவற்றின் கூடுதலுக்கு ஒவ்வொரு பகாக்காரணியோடும் 1 கூட்டிப் பெருக்குங்கள்: 3×4×12×18×542 = 1404864. அதில் எண்ணைக் கழித்தாலும் 797862 மிஞ்சுகிறது; எண்ணை விடப் பெரிது, எனவே இது மிகை எண். (பெருக்கியே இருக்க வேண்டாம். 6 செவ்விய எண், அதாவது தன்னைத் தவிர்த்த வகுஎண்களைக் கூட்டினால் (1+2+3) அதே எண் வரும். அதற்கு மேல் அதன் மடங்குகள் எல்லாமே மிகை எண்கள்தான். அப்புறம்தான் உறைத்தது.) 607002-ஐ விடச் சிறியதாய், அதனுடன் 1-ஐத் தவிர வேறு பொதுக்காரணி இல்லாத எண்கள் எத்தனை? இந்தத் தரம் ஒவ்வொரு பகாக்காரணியிலும் 1 கழித்துப் பெருக்குங்கள்: 1×2×10×16×540 = 172800. இரண்டு நாளுக்கு எத்தனை விநாடியோ அத்தனை!

பின்சேர்க்கை: புதுச்சேரி வாசகர் ஒருவர் 605001-ஐ எடுத்து, 3 × 201667-க்கு மேல் நகரவில்லை, எங்கே தப்பு என்று கேட்டிருந்தார். தப்பே இல்லை. 201667 பகா எண். ஆனால் கையால் நிரூபிக்க 449 வரை 87 பகா எண்களைப் போட்டுப் பார்க்க வேண்டும். அதற்கு மட்டும் நோட்டை மூடிவிட்டு ஃபாக்டரைக் கூப்பிடுங்கள்.