வேலித் தூதுவளையை வேரோடு பிடுங்காமல் வீட்டுக்குக் கொண்டுவர

தாராபுரம் பக்கம் கொறங்காடுகளை, அதாவது மேய்ச்சல் காடுகளைச் சுற்றிக் கிளுவை என்ற முள்மரத்தாலான வேலி இருக்கும். பிரண்டை, கோவை, முடக்கத்தான், தூதுவளை எல்லாம் அதில்தான் ஏறிக் கிடக்கும். இப்போது வேலியை எடுத்துவிட்டுக் கம்பிவலை போடுகிறார்கள், கொடிகளும் கூடவே போய்விடுகின்றன. மிச்சமிருக்கிற வேலியிலும் சளி பிடிக்கும் மாதம் வந்தால் ஆளாளுக்குத் தூதுவளையை வேரோடு பிடுங்குகிறோம். நானும் பிடுங்கியவன்தான். மூன்று செடி கொண்டுவந்து தொட்டியில் வைத்தேன், ஒரே வாரத்தில் மூன்றும் காய்ந்தன. ஆணிவேர் பாதியில் அறுந்திருந்தது. "வேரைப் புடுங்குனா வருமா கண்ணு? பழத்தைப் பொறுக்கு" என்றார் அம்மாயி (அம்மாவின் அம்மா).

1. பழம்

நான் இரண்டாம் முறை சறுக்கியது இங்கேதான். பச்சையும் அரைப்பழுப்புமாக ஒரு பிடி பறித்து விதைத்தேன். ஒன்றுகூட முளைக்கவில்லை. காய் சுண்டைக்காய் அளவில், பச்சையில் வெள்ளைக் கோடு ஓட இருக்கும். அது முழுச் சிவப்பாக வேண்டும். விரலால் அழுத்தினால் நெகிழ வேண்டும். அதுவரை காத்திருங்கள். ஒவ்வொரு பழத்திலும் விதை நிறைய இருப்பதால் ஐந்து பழம் தாராளம். மீதியைக் குருவிக்கு விட்டுவிடுங்கள், அடுத்த வேலிக்கு விதை கொண்டுபோவது அதுதான்.

2. விதை

பழத்தைத் தண்ணீரில் பிசைந்து, வழவழப்பு போகும்வரை மூன்று நான்கு தடவை அலசுங்கள். சதை ஒட்டியிருந்தால் பூஞ்சை வந்துவிடும். மிதப்பது பதர், கொட்டிவிடலாம். அடியில் தங்கியதை அடுப்புச் சாம்பலில் புரட்டி, பழைய வேட்டித் துணியில் பரப்பி நிழலில் இரண்டு நாள். டிஷ்யூ பேப்பர் வேண்டாம், விதையோடு ஒட்டிக்கொண்டு உயிரை வாங்கும்.

3. விதைப்பு

கடையில் விற்கும் பிளாஸ்டிக் நாற்றுத்தட்டு எனக்குப் பிடிக்காது. கண்ணில் ஓட்டை போட்ட கொட்டாங்குச்சி போதும். மண், மணல், மக்கிய சாணம் சம அளவு. விதை மறையும் அளவுக்கு மட்டும் மேலே மண் தூவுங்கள். தண்ணீரை ஊற்றாமல் தெளியுங்கள். எனக்குப் பதினேழாம் நாள்தான் முதல் முளை எட்டிப் பார்த்தது. அதற்குள் ஏமாந்து கொட்டிவிடாதீர்கள். நாலைந்து இலை விட்டதும் மண்கட்டி உடையாமல் எடுத்துத் தரையில் நடலாம்.

4. படரவிட

தூதுவளை பற்றி ஏறுவது கொக்கிபோல் வளைந்த முள்ளால்தான். நைலான் வலை கட்டினால் இலை பறிக்கும்போது வலையும் கிழியும், கையும் கிழியும். பக்கத்தில் ஒரு கிளுவைப் போத்தை (வெட்டிய கிளையை) ஊன்றிவிடுங்கள். அது துளிர்த்தால் உங்கள் வீட்டிலும் ஒரு முழம் உயிர்வேலி ஆயிற்று.

5. பறிப்பு

கையால் உருவாமல் கத்தரிக்கோலால் இலையை மட்டும் வெட்டுங்கள். நடுநரம்பில் இருக்கும் முள்ளையும் அதே கத்தரியால் நறுக்கிவிடலாம். அப்புறம் ரசமோ துவையலோ உங்கள் இஷ்டம்.

பின்சேர்க்கை: "முளைத்தது, ஆனால் ஏறாமல் தரையோடு படர்கிறதே" என்று இருவர் கேட்டிருந்தார்கள். அது கண்டங்கத்திரியாக இருக்கலாம். அதன் காயிலும் பச்சையில் வெள்ளைக் கோடு இருப்பதால் மாறிவிடும். பழுத்தால் அது மஞ்சள், தூதுவளை சிவப்பு. கண்டங்கத்திரி முள் வளையாமல் ஊசிபோல் நேராக நிற்கும். அதுவும் மருந்துச் செடிதான், பிடுங்கி எறிய வேண்டாம். தூதுவளை என்று நினைத்து ரசத்தில் மட்டும் போட்டுவிடாதீர்கள்.